ஒன்றேகால் மணிக்குப் பிறகு

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்றேகால் மணிக்கு முடிகிறது. பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க, ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க, மூன்று மணி நேரம் எழுத. அதற்குப் பிறகு பள்ளி வாசலில் நடப்பது எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. வேப்பமரத்தடியிலும் டீக்கடை ஓரத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் பிள்ளைகள் வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "அஞ்சாவது ஒரு மார்க்குக்கு என்ன போட்ட?", "கிராஃப்ல எதை எழுதின?" என்று பேச்சு ஓடுகிறது. அந்த அரை மணி நேரத்தில் சிலர் முகம் மலர்கிறது. சிலர் வினாத்தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு தனியே நடக்கிறார்கள்.

'முடிந்த பரீட்சையைப் பேசாதே, அடுத்ததைப் படி' என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இந்த அறிவுரை எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றல்ல. படித்த அப்பாவோ, கல்லூரி போன அக்காவோ உள்ள வீட்டில் வினாத்தாள் கைமாறுகிறது. வரிவரியாகப் பார்க்கப்படுகிறது. மாலைக்குள் டியூஷன் ஆசிரியர் விடையெல்லாம் போட்டுக் காட்டிவிடுகிறார். அம்மா நூறு நாள் வேலைக்கும் அப்பா கரும்பு வெட்டுக்கும் போயிருக்கும் வீட்டில், முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை யாரிடம் காட்டும்? மரத்தடிப் பேச்சுதான் அதற்கு இருக்கிற ஒரே திருத்தும் மேசை. அந்த மேசையில் பெரும்பாலும் கடைசி வரியை மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கேடு அங்கே தொடங்குகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கூம்பின் ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ., வளைபரப்பு என்ன? சாயுயரம் 25 என்று ஒரு பையன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். சூத்திரம் எழுதினான், எண்களைப் பிரதியிட்டான். 22ஐயும் 25ஐயும் பெருக்கும்போது அவசரத்தில் 540 என்று போட்டுவிட்டான். வெளியே வந்தால் எல்லாரும் 550 என்கிறார்கள். "அஞ்சு மார்க் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறான். உண்மையில் போகக்கூடியது ஒன்றோ ஒன்றரையோ. கணித விடைத்தாளைத் திருத்துகிறவர் கையில் உள்ள விடைக்குறிப்பில் சூத்திரத்துக்கு, சாயுயரத்துக்கு, பிரதியிட்டதற்கு என்று படிப்படியாக மதிப்பெண் பிரித்துத் தரப்பட்டிருக்கும். செய்முறை வடிவியலிலும் உதவிப்படம் தொடங்கி இப்படியே. கணக்கு வாத்தியார் பிள்ளைக்கு இது தெரியும். நம் பிள்ளைக்குச் சொன்னவர் யார்?

இதை ஏன் இவ்வளவு நீட்ட வேண்டும் என்று கேட்கலாம். தேர்ச்சிக்கு வேண்டியது 35. பதினான்கு ஒரு மதிப்பெண் வினாக்களில் எட்டு சரி. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஐந்து சரி, அது பத்து. வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16க்குப் பத்து. ஆக 28. ஐந்து மதிப்பெண் வினாக்களில் மூன்றை எழுதியிருக்கிறான், மூன்றிலும் கடைசி விடை தப்பு. மரத்தடிக் கணக்குப்படி அவன் 28 மதிப்பெண்ணில் ஃபெயில். திருத்துகிறவர் ஒவ்வொன்றுக்கும் மூன்று போட்டால் 37, பாஸ். தேறியிருக்கக்கூடிய பிள்ளை தோற்றுவிட்டதாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

அப்படி நம்புகிற பிள்ளை அடுத்து என்ன செய்யும்? 2025இல் கணிதம் ஏப்ரல் 7, அறிவியல் 11, சமூக அறிவியல் 15. இடையில் மூன்று மூன்று நாள். 'எப்படியும் ஃபெயில்தான், மீதியை எழுதி என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் வேர்விடுவது இந்த நாட்களில்தான். மில் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட் தெருவுக்குள் வருவதும், செங்கல் சூளைக்கு முன்பணம் பேசுவதும், பெண்பிள்ளையானால் மாமன் வீட்டிலிருந்து பேச்சு வருவதும் பள்ளி முடிகிற இதே பருவம். அறிவியலில் செய்முறைக்கான 25 மதிப்பெண்ணுக்குரிய தேர்வை ஏற்கெனவே முடித்துவிட்ட பிள்ளை, மீதிக்கு உட்காராமல் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறுகிறது. கணிதத்தில் உண்மையிலேயே தவறினாலும் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம், அந்த ஒரு பாடத்தை மட்டும். மற்ற தாள்களுக்குப் போகாதவன் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. அந்த மரத்தடி வட்டத்தில் யார் யாரோடு நிற்கிறார்கள்? தேர்வு அறைக்குள் பதிவெண் வரிசை. ஊர்த்தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் எண்ணின்படி அருகருகே மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள். வாசலைத் தாண்டியதும் பழைய வரிசை திரும்பிவிடுகிறது. நன்றாகக் கணக்குப் போடும் பையன் ஊர்ப்பக்கத்து வட்டத்தில் நின்றால், நம் பிள்ளை அங்கே போய்த் தலை நீட்டத் தயங்குகிறான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அந்த மாணவன் மருத்துவமனையிலிருந்து மீண்டு, அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவனை வண்டியை மறித்து இறக்கி வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. தயக்கம் காரணமில்லாமல் வருவதில்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடக்கம். அதன் மீது நடந்த கூச்சலை எல்லாரும் பார்த்தோம். அகரவரிசையில் உட்கார வைப்பதற்கே இத்தனை எதிர்ப்பு என்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம். ஆண்டு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் தேர்வு முடிந்த மதியமும் பக்கத்தில் நிற்பார்கள்.

பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்தபோது, கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அவரை அழைத்தார். மற்ற மாணவர்கள் ஓடிப்போய்க் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுத்தார்கள், தீட்டுப்பட்டுவிடும் என்று. 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது எடுத்தது 750க்கு 282. இன்றைய கணக்கில் நூற்றுக்கு 38கூட இல்லை. அதற்கே சமூகத்தார் கூடிப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். 35ஐ ஒட்டி நிற்கும் பிள்ளையைக் கேலி பேசுகிறவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளட்டும்.

வசதியுள்ள உலகம் விடை சரிபார்ப்பதை ஓர் உரிமையாகவே ஆக்கிக்கொண்டுவிட்டது. ஜே.இ.இ. மெயின் தேர்வில் தேசியத் தேர்வு முகமை உத்தேச விடைகளை வெளியிடுகிறது. தப்பென்று பட்டால் ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டி எதிர்ப்புத் தெரிவிக்கலாம். தன் விடைத்தாளைப் பார்ப்பது மாணவனின் உரிமை, அது தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வரும் என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. பிளஸ் டூ விடைத்தாள் நகலுக்குப் பாடத்துக்குச் சில நூறு ரூபாய். மறுமதிப்பீட்டுக்கு அதற்கு மேல். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். உரிமை இருக்கிறது, அதைத் தொடக் கூலி போதவில்லை. தலித், பழங்குடி மாணவர்களுக்கு நகல் கட்டணத்தையாவது அரசு முழுமையாக விலக்க வேண்டும். விண்ணப்பிக்க மிகச் சில நாட்களே தருகிறார்கள். அந்தத் தேதியைத் தலைமையாசிரியர்கள் தெருவுக்கு வந்து சொன்னாலும் தகும்.

ஆனால் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலையும் உண்டு. ஒவ்வொரு தெருவிலும் இன்று ஒரு பாலிடெக்னிக் மாணவரோ, பி.எஸ்சி. கணிதம் படித்த பெண்ணோ இருக்கிறார். 'காலனி' என்ற சொல்லைப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயரும் வந்துவிட்டது. பெயர் மாறிய அந்தத் தெருவிலும் விடுதியிலும், கணிதத் தேர்வன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பலகையும் ஒரு சாக்பீஸும் போதும். பிள்ளைகள் எழுதியதை நினைவிலிருந்து திரும்பப் போட்டுக் காட்டட்டும். கடைசி விடையைக் கேட்காமல், எந்தப் படி வரை வந்தாய் என்று கேளுங்கள். படிக்கான மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லி அழவைக்கவும் வேண்டாம், கூட்டிச் சொல்லி ஏமாற்றவும் வேண்டாம். 28 என்று நினைத்துக்கொண்டு வந்தவன் 37 என்று தெரிந்து எழுந்து போனால், அன்றிரவே அறிவியல் புத்தகத்தைத் திறப்பான்.

கூட்டிப் பார்த்தும் 35 தேறாத பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் தேர்வன்று காலை எட்டு மணிக்கு அந்த வீடுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும், ஹால் டிக்கெட் எங்கே என்று கேட்டு, பஸ் ஏற்றிவிட.