கொல்லி மலையில் மூண்ட தீ

மகாயுத்தம் பேராசை கொண்ட ஓர் அரசனின் மனத்திலே பிறக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியடைந்து விடுகிறோம். தமிழ்நாட்டுச் சரித்திரம் அவ்வளவு எளிய விடை தரவில்லை.

கொல்லி மலையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். அவன் கொடையும் வில்லாண்மையும் யாவரும் அறிந்தவை. அவன் மாண்டபின் நேர்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்கு ஈந்தான் என அகநானூறு கூறும். இரு குறுநில மன்னரின் பூசல்தானே என்று அண்டை நாட்டார் அன்று வாளாவிருந்திருக்கலாம். ஆனால் மலை கைமாறியதோடு அரசுகளின் பலாபலமும் மாறிவிட்டது. தகடூர் அதியமான் நெடுமானஞ்சி காரியின் கோவலூரைத் தாக்கி வென்றான். பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமான்மேல் படையெடுத்தான் என்று சரித்திர ஆசிரியர் கோவைப்படுத்துவர். பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகத்தைக் காண்க: கொல்லிக் கூற்றத்திலே அதியமானோடு இருபெரு வேந்தரையும் ஒருங்கே வென்று, சேரன் தகடூரை அழித்தான். அவ்விருவர் சோழ பாண்டியர் என்பர். ஓரியின் வீழ்ச்சியில் தொடங்கியது, மூவேந்தரையும் ஒரே களத்தில் கொணர்ந்து நிறுத்திற்று! மலைவாழ் மக்களின் சம்மதத்தை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதே அதியமான்தான் முன்பு ஔவையாரைத் தொண்டைமானிடம் தூது அனுப்பியவன். அங்கே ஆயுதசாலையில் மாலை சூட்டி, நெய் பூசி வைத்திருந்த வேல்களை அவர் கண்டார். நெடுநாள் சமாதானத்தில் வாழும் தேசங்கள் அந்தப் பளபளப்பையே பாதுகாப்பென்று நம்பிவிடுகின்றன.

1871க்குப் பின் 43 ஆண்டுகள் மேற்கு ஐரோப்பாவின் வல்லரசுகள் தம்முள் பொரவில்லை. ஆயுதங்களும் உடன்படிக்கைகளுமே பெருகின. 1914 ஜூன் 28இல் சராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஜூலை 28இல் ஆஸ்திரியா செர்பியாமீது யுத்தப் பிரகடனம் செய்தது. அதன்பின் ஒரே வாரம்! ருஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் யாவும் இறங்கிவிட்டன. கொடுத்த வாக்கைக் காப்பதாகவே பலரும் சாதித்தனர். செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பலின் குண்டுகள் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளில் விழுந்து அவை பற்றி எரிந்தன. சராயேவோ எங்கே, சென்னை எங்கே!

நம்மவரை அப்போதும் யாரும் கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3இலும் கேட்கவில்லை. வைஸ்ராய் லின்லித்கோ நம் தலைவர்களைக் கலவாமலே இந்தியாவை யுத்தத்தில் சேர்த்தார். காங்கிரஸ் மந்திரிசபைகள் அதன்பொருட்டே ராஜிநாமாச் செய்தன.