சாலை வரட்டும், தராசும் வரட்டும்!

சோபனபுரம் அடிவாரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு வளைந்து வளைந்து ஏறுகிறது பச்சைமலைச் சாலை. வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு மக்கள் பாடுபட்டு விளைவிக்கும் மரவள்ளிக் கிழங்கு லாரியேறி மலையிறங்குகிறது; சேலம், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. சாலை இல்லையேல் இந்த வியாபாரமே இல்லை. ஆகவே, சாலை வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

ஆனால், சாலை வந்துவிட்டால் மட்டும் உழைப்பவன் வயிறு நிறைந்து விடுமா?

மரவள்ளி நெல்லைப் போன்றதல்ல. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். விலை ஏறட்டும் என்று பத்தாயத்தில் போட்டு வைக்க முடியாது. வியாபாரி இதை நன்றாக அறிவான். விலையோ மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில் வெட்டப்படுகிறது. பாயிண்ட்டை அளப்பது யார்? வாங்குகிற தரப்பு! விளைவித்தவன் மலைமேல் நிற்கிறான். தராசு மலைக்குக் கீழே நிற்கிறது. முன்பணமும் வாங்கியிருந்தால், வாயைத் திறக்கவும் வழியில்லை.

உலகெங்கும் இதே கதைதான். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஜாம்பியாவும் போட்ஸ்வானாவும் ஜாம்பேசி நதியின் குறுக்கே காசுங்குலாவில் 923 மீட்டர் நீளப் பாலம் கட்டி, 2021 மே மாதம் திறந்தன. அதுவரை படகுத்துறையில் நாள்கணக்கில் கிடந்த லாரிகள் இன்று ஆற்றைக் கடந்து ஓடுகின்றன. நல்லதே! ஆனால் தாமிரம் வேகமாகப் போனால் சுரங்கத் தொழிலாளியின் கூலி தானாக உயர்ந்து விடாது. லாபம் யார் வீட்டுக்குப் போகும் என்பதைப் பாலம் தீர்மானிப்பதில்லை.

ஆகவே நாம் கோருகிறோம்:

மலைமேலேயே எடைமேடை வேண்டும்; மாவுச்சத்தை விவசாயியின் கண்முன் அளக்க வேண்டும்.

மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம் கிழங்கை நேரே வாங்கி ஆலைக்கு விற்க வேண்டும். ஜவ்வரிசி விற்க ஆலைக்காரர்கள் 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவு அமைத்துக் கொண்டார்கள். ஆலைக்காரர் கூடலாம், கிழங்கு பிடுங்குகிறவன் கூடக் கூடாதா?

சாலை எட்டாத ஊர்களுக்குச் சாலை வேண்டும். 'வனநிலம்' என்று சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். கிராமசபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலைக்குத் தரலாம் என்கிறது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். கிராமசபைக்குத் திரண்டு வாருங்கள், தீர்மானம் போடுங்கள்!

ஆலைத் தொழிலாளத் தோழர்களே, இது மலைக்காரர் பிரச்னை என்று ஒதுங்காதீர்கள். கிழங்கின் விலையை அடிக்கும் கை, உங்கள் கூலியை அடிக்காமல் விடாது.

சாலை வரட்டும். அதே லாரியில் தராசும் ஏறி வரட்டும்!