டியாகோ கார்சியாவும் இரு மயக்கங்களும்

சென்ற தவணை முடிவில் எமது ஆசிரியர் அறையில் எழுந்த வாக்குவாதம் ஒன்றே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. சர்வதேசச் சட்டம், மனித உரிமை ஆகிய சொற்கள் காதில் விழுந்ததுமே நண்பரொருவர் சிரித்துவிட்டார். "பலமுள்ளவன் எழுதி வைத்திருக்கிறான், பலமற்றவன் பரீட்சைக்குப் படிக்கிறான். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?" என்பது அவர் கேள்வி. இவர் பிற்போக்காளர் அல்லர். தொழிற்சங்க வேலைக்கு முதலில் வந்து நிற்பவர். ஆகவே அவர் கூற்றை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. அருகிலிருந்த மற்றொருவரோ, ஹேக் நகரத்து நீதிமன்றம் ஒருமுறை வாய் திறந்துவிட்டால் அதற்கு அப்பால் நியாயம் தேடவேண்டியதில்லை என்று சாதித்தார். ஒருவர் சட்டத்தைப் பூச்சியமாக்குகிறார். மற்றவர் அதனைத் தெய்வமாக்குகிறார். இருவருமே பிழைபட்டுள்ளனர் என்பதை ஒரு வழக்கைக்கொண்டு காட்ட விரும்புகின்றேன்.

அவ்வழக்கு நமக்கு அயலில் நிகழ்ந்தது. நமது தீவிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தென்மேற்கே, இந்து சமுத்திரத்தின் நடுவிற் கிடப்பது சாகோஸ் தீவுக்கூட்டம். அதிற் பெரிய தீவு டியாகோ கார்சியா. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே தென்னந்தோட்டங்களை நிறுவினர். 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி மொறீசியசோடு இத்தீவுகளும் பிரித்தானியர் கைக்கு மாறின. அடிமைமுறை ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலிகள் வந்தனர். அவர்களுள் தென்னிந்தியரும் இருந்தனர். இவ்வாறு வந்து கலந்தவர்களின் சந்ததி கிரியோல் மொழி பேசி, கொப்பரை உலர்த்தி, மீன் பிடித்து, தம் மூதாதையரைத் தம் மண்ணிலேயே புதைத்து ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தது.

1965ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மொறீசியஸ் தலைவர் ராம்கூலம் சுதந்திரம் பற்றிப் பேச இலண்டனுக்கு வந்திருந்தார். அவரைச் சந்திக்கவிருந்த பிரதமர் வில்சனுக்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியாயிற்று. நம்பிக்கையைக் காட்டியே அம்மனிதரை அச்சுறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சுதந்திரம் கிடைக்கலாம் என்பது நம்பிக்கை. சாகோசை விட்டுக்கொடாவிடின் கிடைக்காமலும் போகலாம் என்பது அச்சம். தீவுகள் பிரிக்கப்பட்டன, மொறீசியசுக்கு 30 இலட்சம் பவுண் நட்டஈடு என்றாயிற்று. நவம்பர் 8ஆம் திகதி அரச கட்டளை ஒன்றினால் 'பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம்' என்ற புதிய குடியேற்ற நாடு பிறந்தது. குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலத்திலே புதிதாக ஒன்றைப் பெற்றெடுத்த விந்தையை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்வார்களாக. அடுத்த ஆண்டு டிசெம்பர் 30ஆம் திகதி டியாகோ கார்சியா அமெரிக்காவின் இராணுவத் தேவைக்கு ஒதுக்கப்பட்டது. வாடகை எதுவும் கேட்கப்படவில்லை. பொலாரிஸ் ஏவுகணைக்குரிய செலவில் 1 கோடி 40 இலட்சம் டொலர் இரகசியமாகக் கழிக்கப்பட்டது.

எஞ்சியது மனிதரை அகற்றும் வேலை. மருத்துவத்துக்காகவோ உறவினரைக் காணவோ மொறீசியஸ் சென்றவர்களுக்கு, ஊர் திரும்பக் கப்பல் இல்லை என்று சொல்லப்பட்டது. தோட்டங்களுக்கு அரிசியும் மாவும் வருவது குறைந்தது. 1971இல் டியாகோ கார்சியாவிலும், 1973இல் பெரோஸ் பன்யோசிலும் எஞ்சியிருந்தோர் கப்பலேற்றப்பட்டனர். டியாகோ கார்சியாவில் அவர்களுடைய நாய்களைப் பிடித்து அடைத்து நச்சுப்புகையிட்டுக் கொன்றார்கள். ஊரைவிட்டுப் போக வேண்டியவர்கள் இதைக் கண்டபின் கப்பலேற மறுத்திருப்பார்களா? ஏறத்தாழ 1,500 முதல் 2,000 மக்கள் போட் லூயிஸ் நகரத்துச் சேரிகளிலும் சீஷெல்சிலும் இறக்கிவிடப்பட்டனர்.

இப்பொழுது என் முதல் நண்பரிடம் ஒன்று கேட்கின்றேன். சட்டம் வெறும் காகிதமாயின், இவ்வளவு பலம் படைத்த இரு வல்லரசுகள் 2,000 ஏழைகளை அகற்றுவதற்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர்கள் சொன்ன பொய்யின் தன்மையைக் கவனியுங்கள். 'இத்தீவுகளில் நிரந்தரக் குடிகள் இல்லை. இருப்போர் எல்லாரும் ஒப்பந்தக் கூலிகளே' என்று அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். டார்சன்கள் என்றும், குருசோவின் ஏவலாளன் ஃப்ரைடே என்றும் அம்மக்களைக் கேலி செய்த கடிதமும் அவற்றுள் ஒன்று. நிரந்தரக் குடிகள் உண்டு என்று ஒப்புக்கொண்டால், ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 73ஆம் உறுப்புரைப்படி அவர்களைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன் ஒரு நாட்டைத் துண்டாடுதல் சாசனத்துக்கு முரணானது என்று 1960இன் 1514ஆம் தீர்மானமும் கூறியிருந்தது. கள்வன் இருட்டைத் தேடுவது எங்கோ ஒரு விளக்கு எரிவதனாலன்றோ? சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை, மெய்தான்; ஆனால் பொய் எழுத வைத்தது. அப்பொய்யை எழுதிய காகிதங்கள் ஆவணக் காப்பகத்திற் கிடந்து, முப்பது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அவர்களுக்கே எதிராகச் சாட்சி சொல்லின.

இன்னுமொரு சான்று. பொதுநலவாய நாடுகளோடான பிணக்குகளுக்குச் சர்வதேச நீதிமன்றத்தின் கட்டாய நியாயாதிக்கம் இல்லையென்று பிரித்தானியா முன்பே விலக்கு வைத்திருந்தது. மொறீசியஸ் பொதுநலவாயத்தை விட்டு விலகி வழக்குத் தொடுக்கக்கூடும் என்ற பேச்சு 2004இல் எழுந்தது. உடனே, முன்னர் பொதுநலவாயத்தில் இருந்த நாடுகளுக்கும் அவ்விலக்குப் பொருந்தும் என்று அவ்வாண்டு யூலையிலே திருத்திக்கொண்டார்கள். ஒன்றுமில்லாத வீட்டுக்கு இத்தனை பூட்டா?

இனி இரண்டாவது நண்பரிடம் வருவோம். அவர் சட்டத்தின் வெற்றிகளை எண்ணிச் சொல்வார். நான் அவ்வெற்றிகளின் பின்கதையைச் சொல்கின்றேன். மொறீசியசைத் துண்டாட வேண்டாமென்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1965 டிசெம்பரிலேயே 2066ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அத்தீர்மானம் ஒரு கப்பலையும் நிறுத்தவில்லை. 1982இல் 40 இலட்சம் பவுண் நட்டஈடு வந்தது; பணம் பெற்றவர்களிடம், இனி எவ்வுரிமையும் கோரோம் என்னும் கருத்துடைய ஆங்கிலப் பத்திரங்களிற் பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. எழுத்தறியாத மக்கள் எதற்கு விரல் வைத்தார்கள் என்பது எவருக்கும் தெரிந்ததே. முப்பது ஆண்டு கழித்து, 2012இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த இணக்கத்தையே காரணங்காட்டி அவர்கள் முறைப்பாட்டை ஏற்க மறுத்தது. மனித உரிமைக்கென்றே அமைந்த நீதிமன்றம் அது!

ஒலிவியர் பாங்கூல் தாய்தந்தையரோடு குழந்தையாய் ஊரிழந்தவர். அவர் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிரதேசத்தின் சமாதானத்துக்காகவும் நல்லாட்சிக்காகவும் சட்டம் இயற்றும் அதிகாரம், அங்குள்ள மக்களையே நாடு கடத்தும் அதிகாரம் ஆகாது என்பது அதன் கருத்து. டியாகோ கார்சியா தவிர்ந்த தீவுகளுக்குத் திரும்பத் தடை நீங்கிற்று. நாலு வருடமும் நிறையவில்லை. 2004 யூனில் அரச கட்டளைகள் இரண்டு பிறந்தன. பாராளுமன்றத்தில் விவாதமில்லை, வாக்கெடுப்பில்லை. முடிக்குரிய பழைய விசேட உரிமை ஒன்றே போதுமாயிருந்தது. தடை மீண்டது. பிரபுக்கள் சபையின் நீதியரசர் ஐவருள் மூவர் 2008இல் அதைச் சரியென்றனர். மகாராணியின் பெயரால் ஒரு கையொப்பத்தோடு ஒரு சனத்தின் ஊர் போய்விட்டது. இருபத்தோராம் நூற்றாண்டில், சனநாயகத்தின் தாய் என்று எங்கள் குடியியற் பாடநூல்கள் புகழும் நாட்டில். 2010இல் அக்கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்று அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைக்கும் மீனுக்கும் காவல், போர்க்கப்பலுக்கு அனுமதி. 2015இல் கடற்சட்ட நடுவர் மன்றம் அவ்வறிவிப்பும் சட்டவிரோதமென்று கண்டது.

இத்தனைக்கும் பின்னரே 2019 பெப்ரவரி 25 வந்தது. பொதுச்சபை கேட்டுக்கொண்டபடி சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. மொறீசியசின் குடியேற்ற ஆட்சி நீக்கம் சட்டப்படி நிறைவுறவில்லை. பிரித்தானியா தன் நிருவாகத்தை இயன்றளவு விரைவில் முடிக்கக் கடமைப்பட்டுள்ளது. இது பதின்மூவர் கருத்து. மறுத்தவர் ஒருவர், அமெரிக்க நீதிபதி. மே மாதத்தில் பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரித்தன, ஆறு எதிர்த்தன, 56 ஒதுங்கி நின்றன. ஆறு மாதத் தவணை கொடுக்கப்பட்டது. அத்தவணையைப் பிரித்தானியா மதிக்கவில்லை. ஆயினும், அந்த வழக்கில் ஒலித்த குரல்களில் என் மனத்தைவிட்டு நீங்காதது ஒன்று. இருபது வயதிற் கருவுற்றிருந்த நிலையிற் கப்பலேற்றப்பட்டு, பின் அக்குழந்தையையும் இழந்த ஒரு பெண், முதுமையிலே கிரியோல் மொழியிற் பேசிய பதிவு நீதிபதிகளுக்கு முன் ஓடிற்று. 1973இல் எவரும் கேளாத வாக்குமூலம் அது. சட்டம் பூச்சியமென்ற நண்பர் இதனையும் பூச்சியத்துள் அடக்குவாரா?

2025 மே 22ஆம் திகதி பிரித்தானியாவும் மொறீசியசும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டன. இறைமை மொறீசியசுக்கு. டியாகோ கார்சியாவோ 99 ஆண்டுகளுக்குப் பிரித்தானியாவின் கையில், அதாவது அமெரிக்கத் தளமாக; அதற்கு ஆண்டொன்றுக்குச் சராசரி 10 கோடி 10 இலட்சம் பவுண். சாகோஸ் மக்களுக்கென ஒரு நிதியத்துக்கு 4 கோடி பவுண். ஏனைய தீவுகளில் மொறீசியஸ் அவர்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் முடியாது. பத்திரிகைகள் சில இதனைச் சட்டத்தின் வெற்றியென்று எழுதின. கையெழுத்திட்டவர்களுள் சாகோஸ் மக்களின் பிரதிநிதி எவருமில்லை. பாங்கூல் முதலானோர் வரவேற்றனர். இங்கிலாந்தில் வாழும் சாகோசியருட் பலர் தம்மைக் கேளாமல் தம் ஊரைக் கைமாற்றுவதா என்று எதிர்த்தனர். அன்று காலை இரு சாகோசியப் பெண்கள் பெற்ற இடைக்காலத் தடையுத்தரவு அன்றே நீக்கப்பட்டது, பின்னேரம் கையெழுத்தாயிற்று.

இது நமக்குப் புதிய காட்சியா? சாகோஸ் துண்டிக்கப்படுவதற்கு ஓராண்டுக்கு முன், 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இரு பிரதமர்கள் இருந்து நமது மலையக மக்களைப் பங்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அங்கும் வேலை செய்த தந்திரம் ஒன்றே: தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவரை வந்துபோகும் கூலியெனப் பெயரிட்டால் உரிமைக் கேள்வி எழாது. அங்கும் கையெழுத்து அரசுகளுடையது, பயணம் மக்களுடையது. சர்வதேசச் சட்டத்தின் ஆழ்ந்த நோய் அது வல்லரசுக்கு வளைவது மட்டுமன்று. அரசு என்னும் ஆளோடு மாத்திரம் பேசப் பழகியிருப்பதும் அதன் நோயே. மொறீசியஸ் என்னும் அரசு இல்லாதிருந்தால் ஹேக்கின் கதவு சாகோசியருக்குத் திறந்திராது. அந்த அரசு வந்ததனால் கதவு திறந்தது, ஆனால் உள்ளே உட்கார்ந்தது அரசுதான்.

நாமும் குற்றமற்றவரல்லேம். இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்தும் தீர்மானம் நமது நாட்டின் முன்முயற்சியால் 1971 டிசெம்பர் 16ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறிற்று. அதனை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதே ஆண்டில்தான் டியாகோ கார்சியா வெறிதாக்கப்பட்டது. தீர்மானம் தளங்களைப் பற்றிப் பேசிற்று, அணுவாயுதங்களைப் பற்றிப் பேசிற்று. கப்பலில் ஏற்றப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

ஐம்பது ஆண்டு கழிந்து அத்தீவு நம்மவரையே கண்டது. 2021 ஒக்ரோபரில், கனடா செல்லக் கடலோடிய இலங்கைத் தமிழர் 89 பேரின் படகு இடருற்று, பிரித்தானியக் கப்பல்கள் அவர்களை டியாகோ கார்சியாவில் இறக்கின. வேலியிட்ட சிறு நிலத்திற் கூடாரங்கள், எலிகள், உண்ணாவிரதங்கள், தற்கொலை முயற்சிகள். அகதிகள் சமவாயம் அத்தீவுக்கு விரியாது என்பது பிரித்தானிய அரசின் வாதம். மக்களே இல்லாத பிரதேசமென்று எழுதி வைத்தவர்களுக்கு அகதியும் இல்லாமற் போனதில் வியப்பில்லை. வழக்கு விசாரணைக்காக நீதிமன்றம் தீவுக்குச் செல்ல 2024 யூலையில் ஏற்பாடானபோது அமெரிக்கா இணக்கத்தை மீளப்பெற்றது. செப்ரெம்பரிலேயே போக முடிந்தது. டிசெம்பரில் அப்பிரதேச நீதிமன்றம் அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் எனத் தீர்த்தது. அதற்குள் மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன; பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் அம்மாதத்திலேதான்.

என் நண்பர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் வழக்குப் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறீரா?" என்றார். ஆம், வழக்கும் போட வேண்டும். போட் லூயிசில் சாகோசியப் பெண்கள் 1970களின் நடுவிலிருந்து வீதியிலிறங்கி, உண்ணாவிரதம் இருந்து, பொலிசாரிடம் அடிபட்டிராவிட்டால் 1982இன் அற்பப் பணமும் வந்திராது, பின்னர் எந்த வழக்கறிஞரும் அக்காகிதங்களைத் தேடியிருக்கவும் மாட்டார். அவர்கள் நீதிமன்றத்தையும் விடவில்லை, வீதியையும் விடவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் சொகுசு ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும் நமக்கே உண்டு.

ஒரு கணக்கை மட்டும் அவரிடம் கொடுத்து வந்தேன். கையெழுத்தான ஆண்டிலிருந்து எண்ணினால் அந்த 99 ஆண்டு 2124இல் முடியும். டியாகோ கார்சியாவிலிருந்து கடைசியாகக் கப்பலேறிய கைக்குழந்தைக்கு அப்பொழுது 153 வயதாகும்.