கீரிக்குப் பந்தி வைக்கும் கூடுகள்

நாட்டுக்கோழி வளர்ப்பைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். என்ன ரகம், என்ன தீவனம், கிலோ என்ன விலைக்குப் போகிறது. கூடு? "அது கெடக்குது விடுங்க, நாலு கம்பை நட்டு வலையைச் சுத்துனா முடிஞ்சுது."

இந்த "முடிஞ்சுது"தான் கடைசியில் கோழிகளையும் முடித்து வைக்கிறது.

மகளிர் குழுவில் கடன் எடுத்துக் குஞ்சு வாங்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி முட்டைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் தீவனம், தடுப்பு மருந்து, தினசரி மெனக்கெடல் என்று செலவு மட்டும்தான். முட்டை எடுக்கப் போகிற நேரத்தில் ஒருநாள் விடிகாலை போய்ப் பார்த்தால் இறகு மட்டும் கிடக்கும். கீரி, மரநாய் மாதிரி ஜந்துக்கள் அடைத்த இடத்துக்குள் புகுந்துவிட்டால் பசிக்கு ஒன்றோடு நிறுத்துவதில்லை. படபடக்கிற எல்லாவற்றையும் கடித்துப் போடும். பக்கத்து வீட்டார் வந்து "விதி, என்ன பண்றது" என்பார்கள். கடன் தவணைக்கு விதி தெரியாது. அது மாதாமாதம் வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். குற்றவாளி யார்? கீரி அதன் வேலையைத்தான் செய்தது. கூடு அதன் வேலையைச் செய்யவில்லை.

முதல் மோசடி பெயரிலேயே இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் "கோழி வலை" என்று ஆறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலை கிடைக்கும். கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்க அது போதவே போதாது. தெருநாய் பல்லில் மாட்டி இழுத்தாலே பிய்ந்துவிடும். கீரிக்குட்டியும் பாம்பும் பெரிய கண் வழியாகவே நுழைந்துவிடும். இதில் இன்னொரு வேடிக்கை, கேஜ் நம்பர். நம்பர் பெரிதாக இருந்தால் கம்பி பருமன் என்று நினைத்து வாங்கி வருகிறவர்கள் உண்டு. உண்மை நேர்தலைகீழ். நம்பர் ஏற ஏற கம்பி மெலியும்.

அதற்கு மேல் கோழி எச்சம். ஈர எச்சத்திலிருந்து வருகிற அமோனியா, கம்பியின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். பூச்சு போனால் துரு. மெல்லிய கம்பியில் துருவுக்குத் தின்ன என்ன இருக்கிறது? இரண்டு மழைக்காலம் போதும், தரையை ஒட்டிய பகுதி கையால் தொட்டாலே உதிரும். கீரி முயற்சி செய்கிற இடமும் அதேதான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. முதலாண்டு பி.காம் பாடம்தான், யாரும் பயப்பட வேண்டாம் :)

ஒரு பேச்சுக்கு, மலிவுக் கூடு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் 2 வருஷம். நேர்கோட்டு முறையில் வருடத் தேய்மானம் 3,000. ஒழுங்காகக் கட்டிய கூடு 18,000, ஆயுள் 15 வருஷம் என்றால் தேய்மானம் 1,200. வருடம் 300 ரூபாய் பழுது பார்க்கச் செலவு சேர்த்தாலும் 1,500. பாதிதான். 15 வருஷத்தில் மலிவுக் கூட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கட்டி 45,000 செலவழித்திருப்பார். செத்த கோழிகள் இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

இதைக் கணக்கியல் மொழியில் சொன்னால், மலிவுக் கூட்டை எல்லோரும் மூலதனச் செலவு என்று எழுதிக்கொள்கிறார்கள். தீவனம் மாதிரி வருஷத்துக்கு வருஷம் கரைகிற ஒன்று எப்படி மூலதனம் ஆகும்? அது வருவாயினச் செலவு. புத்தகத்தில் தப்பான பக்கத்தில் எழுதியதால்தான் லாபம் வருவது போலத் தெரிகிறது.

அப்படியானால் நீடிக்கிற கூடு எப்படி இருக்கும்? பத்துக் கோழிக்கு ஒரு மாதிரி பார்க்கலாம்.

இரவு அடைகிற கூடு. ஒரு கோழிக்கு 2 சதுர அடி. பத்துக்கு 20, அதாவது 4 அடிக்கு 5 அடி. தரை, நிலமட்டத்திலிருந்து ஓர் அடியாவது உயர்ந்த செங்கல் மேடை, மேலே சிமென்ட் பூச்சு, ஒரு பக்கம் லேசான சாய்வு. அதன்மேல் மூன்று நான்கு அங்குலம் நெல் உமியோ தேங்காய் நார்க் கழிவோ. அடிக்கடி கிளறிவிட்டுக் காய்ந்தே இருக்க வேண்டும். கோழி உறங்குவதற்குக் குறுக்குக் கம்பு, கோழிக்கு 8 அங்குலம். நான்கடிக் கம்பு இரண்டு போட்டால் பத்தும் உட்காரும். வலையை ஒட்டிக் கம்பு வைக்கக் கூடாது. வெளியிலிருந்தே கடிக்கிற ஜந்துக்கள் உண்டு. முட்டையிட ஓர் அடிச் சதுரப் பெட்டி இரண்டோ மூன்றோ.

இந்தக் கூட்டின் திறப்பு எல்லாவற்றுக்கும் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். கோழியை விழுங்குகிற அளவுப் பாம்பு அதில் நுழையாது. காற்றுக்குக் கூரைக்குக் கீழே நாலு பக்கமும் வலையடித்த இடைவெளி. குளிருகிறது என்று சாக்கும் தார்பாயும் கட்டி மூச்சடைக்க வைப்பது பெரிய பாவம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ் பக்கம். சித்திரை மாதத் தகரப் பெட்டிக்குள் அதை அடைத்துவிட்டு "நோய் வந்து செத்துப்போச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நீளவாக்கை கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் பக்கவாட்டில் அடிக்காது. கூரை ஓடாக இருந்தால் நல்லது. தகரம்தான் முடியும் என்றால் மேலே கீற்று வேய வேண்டும். ஐப்பசி மழைச் சாரலுக்குக் கூரை இரண்டடியாவது வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

பகலில் மேய்கிற அடைப்பு. கோழிக்கு 10 சதுர அடி என்றால் 10 அடிக்கு 10 அடி. சுற்றளவு 40 அடி, உயரம் 6 அடி. கீழே மூன்றடிக்கு அரை அங்குல மெஷ், ஏனென்றால் கீரி பகலில் வேட்டையாடுகிற ஜந்து. மேலே ஓர் அங்குலக் கண் போதும். தலைக்கு மேலும் வலை வேண்டும், பருந்தும் காக்கையும் இருக்கின்றன. முக்கியமானது, யாரும் செய்யாதது, அடியில். நாய் எப்போதும் வேலி தரையைத் தொடுகிற இடத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும். இரண்டடி அகல மெஷ்ஷை வேலியோடு சேர்த்துக் கட்டி, வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கவைத்துக் கல்லும் மண்ணும் போட்டால், தோண்டுகிற கால் கம்பியில் இடிக்கும். நாய்க்கு இரண்டடி தள்ளிப் போய்த் தோண்டலாம் என்று தோன்றாது.

கால்களுக்கு? சவுக்குக் கம்பை மண்ணில் நட்டால் கரையானுக்கு விருந்து. கல்கால் கிடைக்கிற ஊரில் கல்கால். இல்லாத ஊரில் சிமென்ட் கட்டையில் நிறுத்திய இரும்புக் குழாய். வைரம் பாய்ந்த பனை வாரை கிடைத்தால் கூரைக்கு வேறு மரமே தேட வேண்டாம்.

கடைசியாகக் கதவு. ஆள் நிமிர்ந்து நுழைய முடியாத அடைப்பு, கைக்கு எட்டாத மூலை உள்ள கூடு, இரண்டையும் யாரும் ஒழுங்காகச் சுத்தம் செய்ய மாட்டார்கள். பெரும்பாலும் சுத்தம் செய்வது வீட்டுப் பெண்கள். கூடு கட்டுவது ஆண்கள். அவர்கள் முதுகு வளைய வேண்டியதில்லை என்பதால் மூன்றடி உயரத்தில் கட்டி முடித்துவிடுகிறார்கள். சுத்தம் செய்யாத மூலையில், சுவர் வெடிப்பில், பகலெல்லாம் ஒளிந்திருக்கிற உண்ணி ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். வருடம் ஒருமுறை வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கக்கூட உள்ளே போக வழி வேண்டுமே!

இனி எதிர்வாதங்கள்.

"எங்க பாட்டி காலத்துல கூடு எல்லாம் ஏது?" இருந்தது. திண்ணைக்கு அடியில் செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பொந்தும், அதை மூட ஒரு கனத்த பலகையும் எத்தனையோ வீட்டில் இருந்தன. குஞ்சுக்குப் பஞ்சாரம், அதன் தலையில் ஒரு கல். பாட்டிகள் ராத்திரி கோழியை எண்ணி அடைத்துவிட்டுத்தான் படுத்தார்கள். திண்ணையை இடித்துவிட்டுப் பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நியாயமா?

"நாட்டுக்கோழி எதையும் தாங்கும்." வெயிலையும் பசியையும் ஓரளவு தாங்கும். நாயின் பல்லை எந்தக் கோழியும் தாங்காது.

"ஏழை வீட்டுல 18,000 ரூபாய்க்கு எங்க போறது?" இதுதான் மதிக்க வேண்டிய கேள்வி. பதில், வரிசையை மாற்றுவது. இப்போது நடப்பது என்ன? முதலில் ஐம்பது குஞ்சு வருகிறது. மிச்சமிருக்கிற காசில், மிச்சமிருக்கிற கம்பில் கூடு வருகிறது. கையிலிருக்கிற காசுக்கு உறுதியான கூடு ஐந்து கோழிக்குத்தான் கட்ட முடியும் என்றால் ஐந்தே வளர்க்கட்டும். இரண்டு வருஷம் முட்டையும் குஞ்சும் விற்ற காசில் அடுத்த பகுதியைச் சேர்த்துக் கட்டட்டும். ஐம்பதில் ஆரம்பித்து ஐந்தில் முடிவதைவிட ஐந்தில் ஆரம்பிப்பது கௌரவம்.

"மாதம் இத்தனை ஆயிரம் வருமானம்" என்று வீடியோ போடுகிறவர்களும், குஞ்சு விற்கிறவர்களும் இதைச் சொல்ல மாட்டார்கள். கோழி செத்தால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. இன்னொரு ஐம்பது குஞ்சு விற்கும், அவ்வளவுதான்.

குஞ்சு வாங்கக் கடன் கொடுக்கிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: கூட்டைக் காட்டுங்கள். வாசலில் நின்று பார்ப்பதோடு விட்டுவிடாமல், குனிந்து வேலியின் அடியைப் பார்க்க வேண்டும். ஒரு கை உள்ளே போகிறதென்றால் அந்தக் கடன் ஏற்கெனவே வாராக்கடன்தான்.

பி.கு: தாழ்ப்பாளை மறக்க வேண்டாம். கயிறு கட்டி வைப்பது தாழ்ப்பாள் ஆகாது. 18,000 ரூபாய்க் கூட்டை ஒரு முழம் சணல் கயிற்றிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களை எந்தக் கணக்கியலும் காப்பாற்றாது.