சந்தை நம்ம தெருவுக்கு வரட்டும்!

நண்பர்களே, 2021 மே 24 ஞாபகம் இருக்கா? தளர்வில்லா ஊரடங்கு. காய்கறிக் கடையும் மூடியாச்சு. தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் சேர்ந்து தெருவுக்கே காய்கறி வண்டி அனுப்பினாங்க. அவசரத்துக்கு முடிஞ்சது, நிரந்தரமா முடியாதா?

"இப்பவும்தான் மைக் போட்டு வண்டி வருதே"ன்னு கேட்பீங்க. வருது. ஆனா பெரும்பாலும் மொத்த மார்க்கெட்டுல எடுத்த சரக்கு. கீழ்பென்னாத்தூர்லயும் தண்டராம்பட்டுலயும் கத்திரிக்காய் பறிச்சவர் கைக்கு அதுல எவ்வளவு போகுது?

1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைக்கு விதி ஒண்ணுதான்: அடையாள அட்டை உள்ள விவசாயியே விற்கணும், தரகர் கிடையாது. வண்டிக்கும் அதே விதி வேணும். இல்லேன்னா மானியத்துல ஓடுற வியாபாரி வண்டிதான் அது!

விவசாயி தினமும் தெருத்தெருவா சுத்த முடியாது, காட்டு வேலை யாரு பார்ப்பா? ஊருக்கு ஒரு குழு, முறை வச்சு ஒருத்தர் வரட்டும்.

வேங்கிக்கால்ல காலையில வேலைக்கு ஓடுறவங்களுக்குச் சந்தைக்குப் போக நேரமில்லை. பௌர்ணமின்னா டவுனுக்குள்ள நுழையறதே பெரும்பாடு. வாரம் ரெண்டு சாயந்திரம், கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல இருந்தே வண்டி கிளம்பட்டும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கிறோம். வர்றவங்க கமென்ட்ல பேரைப் போடுங்க.

#வேங்கிக்கால் #உழவர்சந்தை