இதழியல் படிக்க எந்தக் கல்லூரி?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பத்தாம் வகுப்பை எட்டியதுமே நம்மைப் பார்ப்போரெல்லாம் கேட்கும் கேள்வி, "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்பதே. டாக்டர், டீச்சர், நர்ஸ் என்றால் பெரியவர்கள் மகிழ்ந்து தலையசைக்கிறார்கள். பத்திரிகையாளர் என்றாலோ, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா அந்த அலைச்சல்?" என்கிறார்கள். அதையும் தாண்டினால், "அதற்குச் சென்னைக்கல்லவா போக வேண்டும்? நமக்குக் கட்டுப்படியாகாது" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா? பெரிய ஊரில், பெரிய கட்டடத்தில் இருப்பதுதான் நல்ல கல்லூரியா? இது பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லூரியே தேவையில்லை என்பாரும் உண்டு. நம் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் எந்த இதழியல் வகுப்பிலும் அமரவில்லை. 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியே தொழில் கற்றார். பள்ளிப் படிப்பே இல்லாத வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்திக் காட்டினார். ஆனால் இன்று செய்தியாளருக்குச் சட்டம் தெரிய வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடத் தெரிய வேண்டும். கைபேசியில் வரும் படம் மெய்யா பொய்யா என்று சோதிக்கத் தெரிய வேண்டும். இவற்றைத் தடுமாறாமல் கற்கக் கல்லூரி உதவும்.

ஆயினும் பதினேழு வயதிலேயே இதழியல் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலான இதழியல் முதுநிலைப் படிப்புகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களின் ஏழை மக்களைப் பற்றி எழுதி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த பி. சாய்நாத், வரலாறு படித்தவர். 2007இல் மகசேசே விருது பெற்றார். ஆகவே முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியில் வரலாறோ பொருளாதாரமோ தமிழோ நன்றாகப் படிக்கலாம். எதைப் பற்றி எழுதுவது என்ற சரக்கு அப்போதுதான் சேரும். அதன்பின் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே தகவல் தொடர்பியல் படிக்கலாம். வசதி இருந்தால், 1947 முதல் இதழியல் கற்பிக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2025இல் சென்னையில் தொடங்கிய இதழியல் கல்வி நிறுவனத்தில், ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தமிழிலும் கற்கலாம்.

சரி, ஒரு கல்லூரியின் தரத்தை எப்படி அறிவது? விளம்பரத்தைப் பார்த்து அல்ல. சில கேள்விகளைக் கேட்டு. மாணவியரே எழுதி வெளியிடும் பத்திரிகை அங்கே உண்டா? நீதிமன்றத்துக்கும் சந்தைக்கும் நகராட்சிக் கூட்டத்துக்கும் மாணவியரை அனுப்புகிறார்களா? செய்தித்தாளில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவராவது உண்டா? பிழையின்றித் தமிழ் எழுதப் பழக்குகிறார்களா? விடுதிச் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். மாலை ஆறு மணிக்கே கேட்டைப் பூட்டிவிடும் விடுதியில் இருந்துகொண்டு, ஏழு மணிக்கு முடியும் கூட்டத்தின் செய்தியை ஒரு பெண் எப்படிச் சேகரிப்பாள்? பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் பூட்டு மட்டுமே பாதுகாப்பு ஆகாது. பத்திரமாகப் போய் வர வண்டியும் துணையும் ஏற்பாடு செய்யும் கல்லூரியே பெண்களுக்கு உகந்தது.

சிற்றூரில் பிறந்தது ஒரு குறையல்ல. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002இல் கிராமத்துப் பெண்கள் 'கபர் லஹரியா' என்ற இதழைத் தங்கள் வட்டார மொழியில் தொடங்கினார்கள். பஞ்சாயத்துச் சாலையையும் குடிநீரையும் பற்றி எழுதிய அவர்களைக் குறித்த ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. நம் புளியங்குடியையே பாருங்கள். எலுமிச்சை விலை ஏறினாலும் இறங்கினாலும் செய்தித்தாளில் நான்கு வரி வருகிறது. முள் குத்தும் மரத்தில் காய் பறிப்பவரின் கூலி என்ன, மழை பொய்த்தால் அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு என்னவாகும் என்று யார் எழுதுவது? இங்கே பிறந்து வளர்ந்தவளுக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றும்.

அன்பார்ந்த பெற்றோரே! "வேண்டாம்" என்று சொல்லுமுன், ஒருநாள் எங்களைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று மேற்சொன்ன கேள்விகளை நீங்களே கேட்டுப் பாருங்கள். விடை சரியில்லை என்றால் நாங்களும் பிடிவாதம் பிடிக்க மாட்டோம். தோழியரே! கல்லூரி வரட்டும் என்று காத்திராமல், நாள்தோறும் செய்தித்தாள் படிப்போம். நம் தெருவில் நடப்பதைப் பத்து வரியில் எழுதிப் பழகுவோம். கேள்வி கேட்கத் தெரிந்தவளுக்கு அருகில் உள்ள கல்லூரியும் பெரிய கல்லூரியே!