வியன்னாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



சென்ற மடலில் இந்த வியன்னா நகரத்துக் குளிர்காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவர் ஒருவர், "கிழமை முழுவதும் வேலை வேலை என்று ஓடுகிறீர்களே, விடுமுறை நாட்களை அங்கே எவ்வாறு கழிக்கிறீர்கள்? ஐரோப்பாவில் உல்லாசமாகப் பொழுது போக்குவதற்கு நிறையப் பணம் வேண்டுமல்லவா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் இந்தக் கிழமை விடை சொல்ல விரும்புகிறேன். ஆனால், விடை சொல்வதற்கு முன்னால் என் தவறு ஒன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பொருள் தேடிக் கடல் கடந்தவர்களுக்கு ஓய்வு என்ற சொல்லே சற்றுக் கூச்சத்தைத் தருவது. நான் இந்நகருக்கு வந்த புதிதில் ஓர் உணவுச்சாலையின் சமையற்கட்டில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனால் ஒருநாட் சம்பளம் கூடும். ஊரிலே தங்கையின் கலியாணம், வீட்டுக் கூரை, தம்பியின் படிப்பு என்று அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்த தேவைகள் பல. ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் எனக்குத் திங்கட்கிழமையைப் போலவே விடிந்தது. மணமான பின்னும், மகன் பிறந்த பின்னும் அந்த வழக்கம் மாறவில்லை. உழைப்பதெல்லாம் குடும்பத்துக்காகத்தானே என்ற எண்ணம் மனச்சாட்சிக்குப் போதிய சமாதானமாக இருந்தது.

மகனுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. இங்குள்ள ஆரம்பப் பாடசாலைகளில், திங்கட்கிழமை காலையிலே பிள்ளைகளை வட்டமாக இருத்தி, ஓய்வுநாட்களை எப்படிக் கழித்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்லவைப்பது பல ஆசிரியர்களின் வழக்கம். ஒருநாள் பாடசாலை வாயிலில் அவனுடைய ஆசிரியை என் மனைவியைக் கண்டு, "காலன்பேர்க் மலைக்குப் போய் வந்ததை உங்கள் மகன் வெகு அழகாகச் சொன்னான். உச்சியில் பெரிய ஏரி ஒன்று இருந்ததாம், அதிலே படகோட்டினீர்களாம். மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் நான் அதைத் திருத்தவில்லை" என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றிரவு மனைவி சாப்பாட்டைப் பரிமாறியபடியே, "இஞ்சாருங்கோ, நாங்கள் எப்ப அந்த மலைக்குப் போனனாங்கள்?" என்று கேட்டாள்.

நாங்கள் ஒருநாளும் போனதில்லை. அந்த மலையுச்சியில் ஏரியும் இல்லை. தன் முறை வந்தபோது சொல்வதற்கு ஒன்றுமில்லாத சிறுவன், மற்றப் பிள்ளைகளின் வாயிலிருந்து அடிக்கடி கேட்ட ஒரு மலையின் பெயரை எடுத்து, தனக்கென ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தானே உண்டாக்கிக்கொண்டான். பொய் சொல்லலாமா என்று அவனைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று மறுநாளே அறிவித்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வைகாசி மாதத்தில் வந்தது. காலையில் தெருவில் இறங்கியதும் என்னை வியப்பில் ஆழ்த்தியது நகரத்தின் அமைதி. ஒஸ்திரியா நாட்டுச் சட்டப்படி, புகையிரத நிலையங்களைப் போன்ற சில இடங்கள் நீங்கலாக, கடைகள் யாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். வாங்குவதற்கும் விற்பதற்கும் இடமில்லாத அந்த ஒருநாளில் மக்கள் செய்யக்கூடியது வீட்டில் இருப்பது, அல்லது வெளியே நடப்பது. இந்நகரத்தார் பெரும்பாலும் நடக்கிறார்கள். முதியவர்கள் கைத்தடிகளோடும், தாய் தந்தையர் குழந்தை வண்டிகளோடும், இளைஞர்கள் முதுகிலே பைகளோடும் அவசரமின்றிப் போவதைக் காணலாம்.

எங்கள் பையில் றொட்டியும் கட்டைச்சம்பலும், சுடுநீர்ப் போத்தலில் தேநீரும் இருந்தன. 'டி' என்னும் எழுத்தைத் தாங்கிய டிராம் வண்டியில் ஏறி, அதன் கடைசித் தரிப்பிடமாகிய நுஸ்டோர்ப் என்னும் இடத்தில் இறங்கினோம். நான் வேலைக்குப் போய்வருவதற்காக வாங்கிவைத்திருந்த பிரயாணச்சீட்டே அதற்குப் போதுமாயிருந்தது. நுஸ்டோர்ப், முன்னாளில் திராட்சை பயிரிடுவோரின் தனிக் கிராமமாக இருந்து, பின்னர் நகரத்தோடு சேர்ந்தது. அங்கிருந்துதான் நகரசபை இலக்கமிட்டுப் பராமரிக்கும் நடைபாதைகளில் முதலாவது தொடங்குகிறது. மலைக்கு ஏறி மீண்டும் அதே இடத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 11 கிலோமீற்றர் தூரம்.

பாதையின் தொடக்கம் ஒரு சிற்றோடையின் கரையோரமாகச் செல்கிறது. அதற்குப் பீத்தோவன் நடைபாதை என்று பெயர். இசைமேதை பீத்தோவன் இப்பகுதியில் தங்கி, இந்த வெளிகளிலே உலாவியவர். தம் செவிப்புலன் குன்றிவருவதை எண்ணி மனமுடைந்து, தம் சகோதரர்களுக்கு 1802-ஆம் ஆண்டில் அவர் ஒரு கடிதம் எழுதியதும் அருகிலுள்ள ஹைலிகன்ஸ்டாட் என்னும் இடத்திலேதான். கிராமப்புற வாழ்வையும் ஓடைக்கரையையும் இசையாக்கிய அவருடைய ஆறாவது சிம்பொனி 1808-இல் வியன்னாவில் அரங்கேறியது. செவி கைவிட்ட காலத்திலும் அவர் நடையைக் கைவிடவில்லை என்பதை நினைத்தபோது, எல்லாப் புலன்களும் இருந்தும் ஏழாண்டுகளாக இந்தப் பக்கம் வராத என்னை நானே நொந்துகொண்டேன்.

ஓடையைக் கடந்தால் திராட்சைத் தோட்டங்கள் சரிவு சரிவாக ஏறுகின்றன. அவற்றின் மேலே காடு. காட்டுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 484 மீற்றர் உயரத்தில், காலன்பேர்க் உச்சி. நமது மலைநாட்டைக் கண்டவர்களுக்கு இது மேடு என்றே தோன்றும். ஆயினும் துருக்கியரின் முற்றுகையிலிருந்து வியன்னாவை மீட்பதற்காக, போலந்து மன்னர் யான் சொபியெஸ்கியின் தலைமையில் 1683-ஆம் ஆண்டு செப்டெம்பர் 12-ஆம் திகதி படைகள் இறங்கி வந்தது இந்த மலைச்சரிவுகளின் வழியாகவே. நாங்களோ நின்று நின்று, இளைப்பாறி இளைப்பாறி ஏறினோம். வழியில் எங்களைக் கடந்து சென்ற முதியோர் எல்லாரும் வணக்கம் சொல்லிப் போனார்கள். நகரத்துத் தெருவில் முகம் பார்க்காத மனிதர்கள் காட்டுப்பாதையில் உறவினர்போல் ஆகிவிடுகிறார்கள்.

உச்சிக்கு வந்து சேர்ந்ததும் மகன் நாலாபுறமும் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து, மிகவும் தாழ்ந்த குரலில், "அப்பா, இஞ்சை ஏரி இல்லை" என்றான்.

"ஓம், இல்லைத்தான்" என்றேன்.

"நான் இருக்குதெண்டு சொல்லிப்போட்டன்."

"நாளைக்குப் போய் இல்லையெண்டு சொல்லு. பார்த்திட்டு வந்தவன் சொன்னால் எல்லாரும் நம்புவினம்."

அவன் முகம் தெளிந்தது. ஒரு வாங்கிலே அமர்ந்து றொட்டியைப் பிட்டுக்கொண்டு, கீழே விரிந்து கிடந்த நகரத்தைப் பார்த்தோம். வடக்கிலிருந்து வரும் தன்யூப் நதி, அதன் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு தீவு, அப்பால் பிராட்டர் பூங்காவின் இராட்சத இராட்டினம், எங்களைச் சுற்றிலும் காடு. எங்கே பார்த்தாலும் பசுமை. இருபது இலட்சம் மக்கள் வாழும் நகரத்தில் இவ்வளவு பசுமை எவ்வாறு எஞ்சியது என்று அன்று எனக்குள் எழுந்த கேள்விக்குப் பின்னாளில் நூல்களிலே விடை கிடைத்தது. அவற்றுள் எதுவும் தானாக எஞ்சியதன்று.

பிராட்டர் பூங்கா ஒருகாலத்தில் அரச குடும்பத்தார் வேட்டையாடும் காடு. இரண்டாம் யோசெப் மன்னர் 1766-இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இராட்டினம் 1897-இல் வந்தது. எங்களைச் சுற்றியிருந்த வியன்னாக் காட்டின் கதை இன்னும் சுவையானது. போர்ச்செலவினால் பணமுடைப்பட்ட அரசாங்கம் 1870-ஆம் ஆண்டளவில் அக்காட்டில் பெரும்பகுதியை விற்றுவிடத் திட்டமிட்டது. யோசெப் ஷோபெல் என்பவர் அதை எதிர்த்துப் பத்திரிகையிலே ஓயாது எழுதினார், மக்களைத் திரட்டினார், வழக்குகளையும் எதிர்கொண்டார். 1872-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பத்திரிகை எழுத்து ஒரு காட்டைக் காப்பாற்றியது என்றால், பத்திரிகைக்கு எழுதும் எனக்குச் சற்றுப் பெருமையாகத்தானே இருக்கும்! பின்னர் 1905-இல், நகரைச் சுற்றிக் காடும் புல்வெளியுமாகிய ஒரு வளையத்தை என்றும் காப்பதென நகரசபை தீர்மானித்தது. தன்யூப் நதியின் நடுவே தெரிந்த தீவோ மிக அண்மைக்காலத்தது. வெள்ளத்தைத் தடுக்கப் புதிய கால்வாய் வெட்டியபோது எடுத்த மண்ணைக் கொண்டு 1972 முதல் 1988 வரை அதை அமைத்தார்கள். 21 கிலோமீற்றர் நீளமுடைய அத்தீவின் கரைகளில் கோடைகாலம் முழுவதும் மக்கள் கட்டணமின்றி நீராடுகிறார்கள்.

இடம் இருந்தாற் போதுமா? போவதற்கு நேரமும் வேண்டுமே. அதையும் இங்குள்ள உழைப்பாளிகள் எளிதிற் பெறவில்லை. 1895-ஆம் ஆண்டில், கியோர்க் ஷ்மீடல் என்ற ஆசிரியர், இயற்கையை விரும்புவோர் ஒன்றுசேருமாறு தொழிலாளர் பத்திரிகையொன்றில் சிறு விளம்பரம் செய்தார். அலோயிஸ் ரோராவர் என்ற கொல்லரும், கார்ல் ரென்னர் என்ற மாணவரும் அவரோடு சேர்ந்தார்கள். 'இயற்கையின் நண்பர்கள்' என்னும் சங்கம் பிறந்தது. ஆலைகளிலும் பட்டறைகளிலும் கிழமைக்கு ஆறு நாட்கள் வாடியவர்கள், எஞ்சிய ஒருநாளை மதுக்கடையில் கழியாமல் மலைகளிலே கழிக்கவேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அச்சங்கம் பிற நாடுகளிலும் பரவி இன்றும் இயங்குகிறது. அந்த மாணவர் ரென்னர் பிற்காலத்தில் இந்நாட்டின் சனாதிபதியானார். எட்டு மணிநேர வேலைநாள் இந்நாட்டிலே நிரந்தரச் சட்டமானது 1919-இல்.

இவற்றைப் படித்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ஓய்வு என்பது செல்வருடைய ஆடம்பரம் என்று நான் எண்ணியிருந்தேன். இங்கே அது கொல்லரும் ஆசிரியரும் கேட்டு வாங்கிய சொத்து. என்னைப்போன்ற தொழிலாளிக்காகவே சேர்த்துவைத்த அந்தச் சொத்தை ஏழாண்டுகளாக நான் தீண்டாமல் வைத்திருந்தேன்.

ஆகவே, கேள்வி கேட்ட மாணவருக்கு என் விடை இதுதான். உல்லாசத்துக்கு இங்கே அதிகப் பணம் வேண்டியதில்லை. மலைக்குக் கட்டணமில்லை, காட்டுக்குக் கட்டணமில்லை, ஷோன்புறூண் அரண்மனைப் பூங்காவில் உலாவுவதற்கும் கட்டணமில்லை. மலைகளில் ஊறும் நீரைக் குழாய்வழியே 1873 முதல் கொண்டுவந்து தரும் நகரம் இது. கோடையிலே தெருக்குழாய்களில் அந்த நீரைக் குடிக்கலாம். மழை பெய்தால் நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 2023-ஆம் ஆண்டு இறுதியில் புதுப்பித்துத் திறந்தபின் அதன் நிரந்தரக் காட்சிகளுக்கும் கட்டணமில்லை. திரும்பும் வழியில் திராட்சைத் தோட்டக்காரரின் வாயிலில் ஊசியிலைக் கொத்து தொங்கினால், அங்கே விற்பனை நடக்கிறதென்று பொருள். பெரியவர்கள் புதிய மதுவை அருந்துவர். பிள்ளைகளும் எங்களைப் போன்றவர்களும் திராட்சைச் சாறு குடித்துவிட்டு, மாலை வெயில் சாயும்வரை மரத்தடியில் இருக்கலாம். எவரும் எழுந்து போகும்படி சொல்வதில்லை. வேண்டுவது ஒன்றே: எங்கேயும் விரைந்து போய்ச்சேர வேண்டியதில்லை என்ற மனம். எங்களுக்கு அதைப் பழகத்தான் காலம் பிடித்தது.

மறுநாள் வகுப்பிலே மகன் என்ன சொன்னான் தெரியுமா? ஏரி இல்லை என்பதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டானாம். இறக்கத்தில் அப்பா வழுக்கி விழுந்து, காற்சட்டையெல்லாம் சேறானதைத்தான் விரிவாகச் சொன்னானாம். வகுப்பு முழுவதும் சிரித்ததாம். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இது நடந்து பத்தாண்டுகள் ஆகின்றன. அவனுக்கு இப்போது பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் நண்பர்களோடு போய்விடுகிறான். அது வயதின் இயல்பு. நானும் மனைவியும் தனியே டிராம் வண்டி ஏறுகிறோம். சில வேளைகளில் கணக்குப் பார்ப்பேன். அவன் பிறந்தபின் நான் விட்டுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகள் ஏழாண்டுகளில் 364. அவை முற்றாக வீணாயின என்று சொல்லமாட்டேன். தங்கை நன்றாக வாழ்கிறாள், வீட்டுக் கூரையும் ஒழுகவில்லை. ஆனால், அவற்றுள் பாதியையாவது மகனுக்குக் கொடுத்திருந்தால், கலியாணமும் கூரையும் ஓராண்டு பிந்தியிருக்கும், வேறொன்றும் நேர்ந்திராது.

நேயர்களே, உங்கள் ஊரிலும் கட்டணமில்லாத கடற்கரை ஒன்று, கேணிக்கரை ஒன்று, ஆலமரத்து நிழல் ஒன்று இருக்கத்தான் செய்யும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். போய்வந்த செய்தியை எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த மடலில் சந்திப்போம்.